கைக்கடிகாரம் கைபேசியைக் கவிழ்க்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கைபேசியின் துணை இல்லாமலே பேசலாம், செய்தி அனுப்பலாம், செயற்கை நுண்ணறிவிடம் வாயால் சொல்லியே வேலைகளை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு புதிய ஸ்மார்ட்வாட்ச்சுக்கு விளம்பரம் வருகிறது. தொழில்நுட்ப உலகையே அது புரட்டிப் போட்டுவிடும் என்கிறார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் நம்புகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– பொறியியல் மாணவர், குரோம்பேட்டை

பதில்: புரட்டிப் போடாது. வகுப்பில் மீதிப் பாதிப் பேரோடு நான் சேர்ந்துகொள்கிறேன்.

ஒரு கருவி ஒரு தொழிலைப் புரட்டுமா என்று அறிய வேண்டுமானால், அது என்னென்ன செய்யும் என்று விளம்பரத்தில் அடுக்கியிருப்பதைப் படித்துப் பயனில்லை; அது வந்த பிறகு எதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று கேட்க வேண்டும். கைபேசி வந்தபோது தெருவுக்குத் தெரு இருந்த எஸ்.டி.டி. பூத்துகள் மூடப்பட்டன, பேஜர் போயிற்று, பிலிம் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்கள் ஜெராக்ஸ் கடைகளாக மாறின, கேமரா, டார்ச், ரேடியோ, கால்குலேட்டர் எல்லாம் ஒரே பைக்குள் அடங்கின. அதற்குப் பெயர்தான் புரட்டல். ஸ்மார்ட்வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறவர் எதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்? பழைய கைக்கடிகாரம் ஒன்றைத்தான்.

புரட்டல் எப்படியிருக்கும் என்பதைச் சென்னைக்காரர்கள் வேறெங்கும் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொடங்கிய தொழிற்சாலை, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்களைப் பேருந்து வைத்து அழைத்துவந்து, உலகின் மிகப் பெரிய கைபேசி ஆலைகளுள் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. 2007இல் ஐபோன் வந்தது. அதை அடுத்து ஆண்ட்ராய்டு கைபேசிகள் வந்தன. பொத்தான்களை நம்பியிருந்த நோக்கியா, தொடுதிரைக்கு மாறத் தாமதித்துத் தன் கைபேசித் தொழிலையே 2014இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் உற்பத்தி நின்றது. பேருந்துகள் வருவது நின்ற பிறகுதான், எங்கோ கலிபோர்னியாவில் அறிமுகமான ஒரு கண்ணாடித் திரைக்கும் தங்கள் வீட்டு மாதச் சம்பளத்துக்கும் தொடர்பு உண்டு என்பது பல குடும்பங்களுக்குப் புரிந்தது. (இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் தயாராகிறது என்பது தனிக் கதை.)

கைக்கடிகாரம் அப்படியொரு வேலையைச் செய்யாததற்கு முதல் காரணம் மின்கலம். இன்றைய கைபேசியில் 5,000 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கு மின்கலம் சாதாரணமாக இருக்கிறது. கைக்கடிகாரத்தின் வயிற்றில் பெரும்பாலும் 300 முதல் 500 வரைதான் அடங்கும். ஆப்பிள் தன் சாதாரண வகைக் கடிகாரத்துக்கு 2015இல் சொன்ன 18 மணி நேரத்தையே 2024 வரை சொல்லிவந்தது. சில்லு எத்தனையோ மடங்கு வேகம் பெற்றும், சேமித்த மின்சாரத்தையெல்லாம் புதிய வசதிகளே தின்றுவிட்டன. அதிலும், கைபேசியின் துணையில்லாமல் செல்போன் கோபுரத்தோடு நேரடியாகப் பேசும்போது, சின்ன ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே அலையை உறிஞ்சும் மணிக்கட்டையும் மீறிக் கத்த வேண்டியிருப்பதால், மின்கலம் விறுவிறுவென்று இறங்கும். விளம்பரம் புதுமை என்று சொல்கிற அந்த வசதியும் புதிதன்று. சிம் உள்ள ஆப்பிள் கடிகாரத்துக்கு ஜியோவும் ஏர்டெல்லும் 2018 மே மாதமே இணைப்புக் கொடுத்துவிட்டன. அதற்குப் பிறகு கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு அலுவலகம் போகிற ஒருவரை மாநகரப் பேருந்திலோ மெட்ரோவிலோ தாங்கள் பார்த்ததுண்டா?

இரண்டாவது காரணம் நம் ஊருக்கே உரியது. குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்தால், பணம் கொடுக்க கண்ணாடி அலமாரியில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும்; அதற்குக் கேமரா வேண்டும். 2013இல் சாம்சங் தன் முதல் கியர் கடிகாரத்தின் பட்டையில் கேமராவைப் பதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கைவிட்டது. டைட்டனும் ஸ்டேட் வங்கியும் சேர்ந்து 2020இல் இயந்திரத்தின் மேல் காட்டினாலே பணம் செலுத்தும் கடிகாரங்களை வெளியிட்டன. ஆனால் டீக்கடைக்காரர் அந்த இயந்திரத்தை வாங்கவில்லை, அச்சடித்த அட்டையோடு நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அட்டைக்கு மின்சாரமும் வேண்டாம், வாடகையும் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, அது அந்தக் கடிகாரத்துக்குள் இல்லை; பெரும்பகுதி எங்கோ உள்ள தரவு மையத்தில் இருக்கிறது. கடிகாரம் அதற்கு ஒரு காதும் வாயும் மட்டுமே. கைபேசிக்கு மாற்றாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை ஹியூமேன் என்ற அமெரிக்க நிறுவனம் 2024 ஏப்ரலில் 699 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் எச்.பி. நிறுவனம் ஹியூமேனின் சொத்துகளை வாங்கியதோடு விற்பனை முடிந்தது. வாங்கியவர்களிடம் இருந்த கருவிகளும் அந்த மாத இறுதியிலேயே செயலிழந்தன. 

கேள்வி: என் தந்தையார் காலத்திலிருந்து கடிகாரம் பழுது பார்க்கும் கடை நடத்துகிறோம். பையன்கள் எல்லாரும் கையில் கறுப்புத் திரையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். எங்கள் தொழில் இனி என்ன ஆகும்?
– கடைக்காரர், புரசைவாக்கம்

பதில்: தங்கள் கேள்விதான் உண்மையான கேள்வி. ஸ்மார்ட்வாட்ச் புரட்டிய தொழில் ஒன்று உண்டென்றால் அது கடிகாரத் தொழில்தான். தொழில்நுட்ப உலகம் அன்று.

இது தங்கள் கடை காணும் முதல் இடியும் அன்று. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென், அன்றைய ஒரு சிறு காரின் விலை. மின்கலத்தின் மின்சாரம் பட்டவுடன் படிகக்கல் மாறாத வேகத்தில் அதிரும். இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அதை வைத்து முள்ளை நகர்த்திவிடலாம். சாவியும் சுருள்வில்லும் தேவையற்றுப் போயின. விலை சரிந்து குவார்ட்ஸ் எல்லார் கைக்கும் வந்தபோது, 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழில், எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இங்கேயும் அதே கதை நடந்தது. மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தயாரிக்கத் தொடங்கிய கடிகாரம், கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் அது இல்லையென்றால் குறை என்று பேசும் அளவுக்கு நாட்டையே பிடித்திருந்தது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்துக் குவார்ட்ஸிலேயே இறங்கியது, எச்.எம்.டி.யோ சாவி கொடுக்கும் கடிகாரத்தை விட மனம் வராமல் நெடுநாள் தயங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டிட்கோ இன்றும் டைட்டனில் கால் பங்குக்கு மேல் வைத்திருக்கிறது என்பதைத் தங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

இப்போதைய இடி யார் தலையில் விழுகிறது என்பதைச் சுவிஸ் ஏற்றுமதிக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. 2011இல் ஏறத்தாழ மூன்று கோடிக் கடிகாரங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிய அந்த நாடு, 2023இல் ஒரு கோடியே எழுபது லட்சம்தான் அனுப்பியது. ஆனால் மதிப்போ 2,600 கோடி பிராங்குக்கு மேல் ஏறி அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. விலை உயர்ந்த கடிகாரத்தை நேரம் பார்க்க யாரும் வாங்குவதில்லை. ஆகவே அதற்குப் போட்டியும் இல்லை. மணி பார்க்க மட்டும் வாங்கிய நடுத்தர விலைக் கடிகாரம்தான் அடிபட்டது. நம் நாட்டில் 2022 வாக்கில் கொடிகட்டிப் பறந்த மலிவு விலை ஸ்மார்ட்வாட்ச் சந்தை 2024இல் கணிசமாகச் சரிந்தது. டைட்டனுக்கோ 2024–25இல் முள் கடிகார விற்பனை ஏறி, ஸ்மார்ட்வாட்ச் விற்பனை இறங்கியது.

தங்களுக்கு இதில் ஒரு வழி தெரிகிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய எச்.எம்.டி.யைத் திறந்து, எண்ணெய் போட்டு, ஓட வைத்துவிடலாம். மூன்று ஆண்டுக்கு முந்தைய ஸ்மார்ட்வாட்ச்சைப் பசை வைத்து ஒட்டியிருப்பதால் திறப்பதே பாடு, திறந்தாலும் அதற்கு மின்கலம் கிடைக்காது, கிடைத்தாலும் மென்பொருள் பழசாகியிருக்கும். செல் மாற்றுவதையும் ஸ்ட்ராப் விற்பதையும் மட்டும் நம்பியிருக்கும் கடைகளுக்குக் கஷ்டகாலம்தான். தாத்தாவின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஆள் தேடி அலைகிற பேரன்களைத் தங்கள் கடைக்கு வரவழைத்தால் அப்படியிருக்காது. சுருள்வில் தெரிந்த கைகள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன.

கேள்வி: ஸ்மார்ட்வாட்ச் நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: பங்கு வாங்கச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு வரலாறு மட்டும் சொல்கிறேன். 2012இல் பொதுமக்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் முன்பணம் திரட்டி வியக்க வைத்த பெபிள் என்ற ஸ்மார்ட்வாட்ச் நிறுவனத்தை 2016இல் ஃபிட்பிட் என்ற இன்னொரு நிறுவனம் விழுங்கியது. 2015இல் பங்கு ஒன்று 20 டாலர் என்று சந்தைக்கு வந்த அந்த ஃபிட்பிட்டைப் பங்குக்கு 7.35 டாலர் கொடுத்துக் கூகுள் விழுங்கியது, 2021 ஜனவரியில் அது முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2004இலேயே பண்பலை வழியாகச் செய்தி காட்டும் கடிகாரத்தைச் சந்தா வாங்கி விற்று, நான்கே ஆண்டில் கடையைக் கட்டியது.

கேள்வி: ரிச்சி தெருவில் 1,500 ரூபாய்க்குக் கிடைப்பதும் 45,000 ரூபாய் கடிகாரமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அதிலும் பேசலாம், இதிலும் பேசலாம். வித்தியாசம் என்ன?
– இல்லத்தரசி, திருவல்லிக்கேணி

பதில்: 1,500 ரூபாய்க் கடிகாரத்தில் "பேசலாம்" என்றால், தங்கள் கைப்பையில் இருக்கும் கைபேசிதான் பேசுகிறது, கடிகாரம் அதற்கு ஒலிபெருக்கியும் மைக்கும் மட்டுமே. கைபேசியை எடுத்துவிட்டால் அது வெறும் மணி காட்டும் பெட்டி. மணியும் அலாரமும் நடந்த அடிகளும் போதுமென்றால் தாராளமாக வாங்கலாம். நாடித்துடிப்புக்காக வாங்குவதாயிருந்தால், கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு கைத்துண்டைச் சுருட்டி, அதன்மேல் கடிகாரத்தைக் கட்டி, துடிப்பை அளக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு கடிகாரம் சற்று யோசித்துவிட்டு 78 என்றது. விலை கூடிய கடிகாரங்களும் சில நேரம் இப்படி ஏமாறுவதுண்டு. ஆனால் கையில் தோல் இருக்கிறதா என்று முதலில் சரிபார்க்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

கேள்வி: வெளிநாட்டிலிருக்கும் மகன் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி அனுப்பியிருக்கிறான். ஈ.சி.ஜி. எடுக்கிறது, ஆக்ஸிஜன் காட்டுகிறது. சர்க்கரை காட்டும் கடிகாரமும் வந்துவிட்டது என்கிறார் நண்பர். இனி மாதாமாதம் லேப் போக வேண்டாமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மேற்கு மாம்பலம்

பதில்: லேப் போவதை நிறுத்திவிடாதீர்கள். முதலில் சர்க்கரையை முடித்துவிடுகிறேன். ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்றும், அவற்றை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சார், தோலுக்கடியில் மெல்லிய இழையைச் செருகி அளந்து அனுப்பும் எண்ணைக் கடிகாரம் காட்டினால் அது வேறு; அங்கே அளப்பது சென்சார், கடிகாரம் வெறும் பலகை.

நாடித்துடிப்பை அது எப்படி அளக்கிறது என்று பார்க்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கடிகாரத்தின் அடிப்பக்கத்தைச் சற்றே தூக்கிப் பாருங்கள். பச்சை ஒளி மினுக்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை நிறத்தை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டுக்குக் கூடுதல் இரத்தம் வர, திரும்பி வரும் ஒளி அந்தக் கணம் குறையும். குறைந்து கூடுவதை எண்ணினால் துடிப்பு. ஆக்ஸிஜனுக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் பயன்படுகின்றன. கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிய கருவியில் ஒளி விரலின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிவரும். கடிகாரத்திலோ பட்டுத் திரும்பும் ஒளியை வைத்தே கணிக்க வேண்டும். ஆகவே பட்டை தளர்ந்திருந்தாலும், கை ஆடினாலும், கட்டும் இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் கணக்குத் தப்பும்.

ஈ.சி.ஜி., துடிப்பு எச்சரிக்கை ஆகிய வசதிகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,19,297 பேரைச் சேர்த்துக்கொண்டு ஆப்பிள் கடிகாரத்தின் நாடித்துடிப்பு எச்சரிக்கையை ஆராய்ந்து, முடிவை 2019இல் வெளியிட்டது. துடிப்பு சீராக இல்லை என்ற எச்சரிக்கை 0.52 விழுக்காட்டினருக்கே வந்தது. அவர்களுள் மார்பில் ஒட்டும் ஈ.சி.ஜி. பட்டையை அணிந்து, ஆராயத்தக்க பதிவோடு திருப்பியனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினருக்கு இதய மேலறைத் துடிப்புக் கோளாறு தென்பட்டது. அந்தக் கோளாறு வந்து வந்து போகக்கூடியது, பக்கவாதத்துக்கு வழி வைப்பது, மருத்துவரிடம் போகும் நேரத்தில் ஒளிந்துகொள்வது. அதைப் பிடிக்க நாளெல்லாம் கையிலிருக்கும் ஒரு கருவி உதவும்தான். ஆனால் மருத்துவமனையின் ஈ.சி.ஜி. இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறது, கடிகாரம் ஒரே கோணத்தில் பார்க்கிறது. மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது என்று தயாரிப்பாளரே எழுதிவைத்திருக்கிறார். மார்பு வலித்தால் கடிகாரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வலி இல்லாத நாளில் அது மறுபடியும் மறுபடியும் எச்சரித்தால், அந்தப் பதிவைப் பி.டி.எஃப்.ஆக எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் நிர்வாகம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் இலவசமாக ஸ்மார்ட்வாட்ச் தரப்போவதாக அறிவித்திருக்கிறது. உடல்நலத் திட்டம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
– தொழிற்சங்கப் பொறுப்பாளர், அம்பத்தூர்

பதில்: முதல் கேள்விக்குப் "புரட்டிப் போடாது" என்று எழுதினேன் அல்லவா? உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, தொழில்நுட்ப உலகத்தில் புரளாதது தொழிற்கூடத்தில் புரளக்கூடும் என்று தோன்றுகிறது. கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். கையில் கட்டியதைக் கழற்ற முடியாது.

சண்டிகர், நாக்பூர் முதலிய மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டி, எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் நின்றார்கள் என்று அலுவலகத்திலிருந்தே பார்த்தன. சண்டிகரில் பணியாளர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். காப்பீட்டிலும் இது நுழைந்துவிட்டது: அமெரிக்காவின் ஜான் ஹான்காக் நிறுவனம் தன் எல்லா ஆயுள் காப்பீடுகளையும் உடற்பயிற்சிக் கண்காணிப்போடு இணைப்பதாக 2018இல் அறிவித்தது. நடந்தால் தள்ளுபடி என்பது இன்றைய பேச்சு. நடக்காதவருக்குத் தள்ளுபடி இல்லை என்பதும் அதே பேச்சுதான்.

சட்டத்தின் துணை ஓரளவே உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான 2011ஆம் ஆண்டு விதிகள் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாகப் பிரித்து வைத்தன. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அப்படித் தனி வகை எதையும் வைக்கவில்லை. எனவே நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: பணி நேரம் முடிந்த பிறகும் இருப்பிடம் பதிவாகுமா? துடிப்பும் தூக்கமும் யார் கணினிக்குப் போகின்றன, எத்தனை காலம் அங்கே இருக்கும்? காப்பீட்டு நிறுவனத்துக்கோ கடிகாரம் விற்ற நிறுவனத்துக்கோ அவை கொடுக்கப்படுமா? கட்டிக்கொள்ள மறுப்பவரின் வருகைப் பதிவிலோ பதவி உயர்விலோ கை வைக்கப்படுமா? பெண் தொழிலாளர்களின் மாதவிடாய்க் கணக்கைக் கேட்கும் பகுதி அந்தச் செயலியில் இருந்தால் அதை அணைத்துத் தர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அநேகமாக அதை யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். பதில் நிர்வாகத்தின் முத்திரையோடு வரும்வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லிவையுங்கள்.